பக்கத்துக் கட்டிலின் சொட்டுக் கணக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியக்காவுக்கு,

திருகோணமலையிலிருந்து தம்பி குணரத்தினம் எழுதுவது. நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கக் கோணேசர் அருள் புரியட்டும். இங்கே நானும் சுகம். சுகம் என்று எழுத டொக்டர் நேற்றுத்தான் அனுமதி தந்தார்.

நிலாவெளியில் ஒரு கலியாண வீட்டில் நண்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். வீட்டுப் படி ஏறுமுன் வாந்தி, வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் கிடத்திச் சேலைன் ஏற்றினார்கள். வார்டில் தாதி யாரென்று நினைக்கிறீர்கள்? என் மகள் கீர்த்தனியேதான்! வேலைக்குச் சேர்ந்து அவளுடைய சப்பாத்தின் மினுக்கம்கூட இன்னும் போகவில்லை. அவள் பரீட்சைக்குப் படித்தபோது பக்கத்திலிருந்து கேள்வி கேட்டவன் நான்தானே, அதனால் சொட்டுக் கணக்கு எனக்கும் பாடம். ஒரு மில்லிலீற்றருக்கு இருபது சொட்டு. எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் பெருக்கிப் பிரித்து, நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று சொல்லிவிடலாம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவன் மல்லாந்து கிடந்தால் வேறென்ன செய்வான்? என் சொட்டுகளை எண்ணினேன். கணக்குச் சரி. பெருமை தாங்காமல் பக்கத்துக் கட்டிலுக்கும் எண்ணினேன். அங்கேதான் வந்தது வினை.

அந்தக் கட்டிலில் கிண்ணியா முஹம்மது தம்பி, கடற்றொழில் செய்பவர், இருதயம் பலவீனம். "மணிக்கு அறுபது மில்லி, அதுக்கு மேல விடவேண்டாம்" என்று டொக்டர் கீர்த்தனியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒரு மில்லி, அதாவது இருபது சொட்டு. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுகிறேன் அக்கா, அறுபது! மூன்று மடங்கு! போட்டது யார்? என் பிள்ளை! மனிதருடைய உயிர் ஒரு பக்கம், பிள்ளையின் வேலை ஒரு பக்கம். மெதுவாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாமென்றால் அவள் மருந்தெடுக்கப் போய்விட்டாள். என் வாய் என்னைக் கேட்காமலே, "ஐயோ, இந்த மனிசனுக்கு மூன்று மடங்கு ஏறுது, ஓடி வாங்கோ!" என்று கத்திவிட்டது.

நோயாளரைப் பார்க்க வரும் நேரம் வேறு. அவர் மனைவி நபீஸா கஞ்சிக் கோப்பையை என் கட்டிலில் கவிழ்த்துவிட்டு அழத் தொடங்கினா. முஹம்மது தம்பி தன் கடைசி நேரம் வந்துவிட்டதென்று கலிமா சொன்னார். சொல்லி முடித்து, "வெளியில நிக்கிற காக்காவக் கூப்பிடுங்க" என்றார். காக்கா என்றால் அவருடைய அண்ணன். வள்ளத்து என்ஜின் யாருக்கு என்ற சண்டையில் இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சுமில்லை, கதையுமில்லை. தம்பி படுத்த நாளிலிருந்து வார்டு வாசல்வரை வருவாராம், உள்ளே வரமாட்டாராம். இப்போது ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.

"காக்கா, என்ஜினை நீங்களே வெச்சிக்கங்க."

"எனக்கு என்னத்துக்குடா என்ஜின்? நீ மவுத்தாகாம இரி, அது போதும்!"

இருவரும் கட்டிப்பிடித்து அழ, நபீஸா அழ, நானும் சேலைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ, கீர்த்தனி ஓடிவந்தாள். குழாயைக் குனிந்து பார்த்தாள். தானும் எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குப் போட்டிருக்கிறது பெரிய சொட்டுக் குழாய். இவருக்குச் சின்னச் சொட்டு. இதில அறுபது சொட்டு விழுந்தால்தான் ஒரு மில்லி. மெதுவா ஏத்த வேண்டிய ஆக்களுக்கு இதைத்தான் போடுறது. எல்லாம் சரியாத்தான் போகுது."

"அப்ப நான் மவுத்தாகலியா?" என்றார் முஹம்மது தம்பி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். காக்கா சட்டென்று கையை எடுத்தார். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர், கடைசியில் தம்பியின் தலையிலேயே வைத்தார்.

"அழுதாச்சு. இனி என்ன செய்ய ஏலும்?"

அதற்குப் பிறகு சிரித்தார்களே ஒரு சிரிப்பு! கீர்த்தனி முகத்தை இறுக்கிக்கொண்டு என் கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். ஆனால் அவளுடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

ஆகவே அக்கா, இனி எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் எவருடைய சொட்டையும் எண்ணுவதில்லை என்று என் மனைவி, உங்கள் மச்சாள் புஸ்பராணியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் பங்குக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
கஞ்சி வாசத்தோடு வீடு திரும்பிய தம்பி,
குணரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஓட்டோவில் வந்து வாசலில் நிற்கிறார்கள். முஹம்மது தம்பியையும் வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம். மூதூரிலுள்ள அவர்களுடைய தங்கச்சி இவர்கள் இருவரோடும் கதைப்பதில்லையாம். "ஒருக்கா வந்து அவளுக்கும் எண்ணிவிடுங்க" என்கிறார்கள். அவவுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, சேலைனும் ஏறவில்லை. என்றாலும் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறேன்.