இத்தாலி ஒயினுக்கு வத்தக்குழம்பு

சாந்தோம், தவக்காலம்

அன்புள்ள மச்சான் ஹென்றிக்கு,

மாதாவின் தயவில் உன் அக்கா பியாட்ரிஸ் அதட்ட, நான் அடங்க, இங்கே எல்லாரும் சுகம். பெங்களூரில் உன் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அவள் பிடுங்கிக்கொள்வாள், அதனால் எழுதுகிறேன். நம் பெண் லிண்டாவின் கல்யாணம் கூடிவிட்டது. நீ அனுப்பிய ஒயின்தான் காரணம்!

அவள் விரும்பும் ராகேஷின் அப்பா, தி.நகர் ஜவுளிக்கடை சிதம்பரநாதன், இத்தனை நாள் பிடிகொடுக்கவே இல்லையே, திடீரென்று, "வெள்ளிக்கிழமை நல்ல நாள், சாப்பிட வர்றோம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். உன் அக்கா பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா உங்களுக்கு? தவக்கால வெள்ளி, நாம கறி தொடலாமா?" பதறிப்போய் அவருக்குப் போன் போட்டால், "வெள்ளிக்கிழமை நாங்களும் கவுச்சி தொடமாட்டோம் சார்" என்கிறார். மட்டனோடு பரிமாறச் சொல்லி நீ அனுப்பிய இத்தாலிய பாணி சிவப்பு ஒயினுக்குக் கடைசியில் வாய்த்தது சுண்டைக்காய் வத்தக்குழம்பும் அப்பளமும்தான்.

நீ சொன்னபடியே கிளாஸைச் சுழற்றினேன், பாதி வேட்டியில். "செர்ரிப்பழ வாசனை, லேசான துவர்ப்பு" என்று ஒப்பித்தேன். குடித்தால் இனிப்பு, கிராம்பு மணம். இத்தாலிக்காரனும் கிராம்பு போடுவான் போல என்று நினைத்துக்கொண்டேன். சிதம்பரநாதன் ஒரு வாய் குடித்தார். கிளாஸை உற்றுப் பார்த்தார். நான் மனசுக்குள்ள மாதாவைக் கூப்பிட்டேன். ஒரு வத்தலைக் கடிச்சார், மறுபடி குடிச்சார். அப்புறம் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சம்பந்தி" என்றாரே! சம்பந்தின்னு சொல்லிட்டாருடா ஹென்றி! லிண்டா அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள். நானும் அழுதேன், குழம்பு காரம்னு சமாளிச்சேன்.

நீ நல்லாயிருக்கணும். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான் ஃபிரெட்ரிக்

பி.கு.: இதைப் படித்துவிட்டு லிண்டா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். காலையிலேயே உன் அக்கா பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தாளாம். "துவர்க்குது, புளிக்குது, பாவம் தம்பியை ஏமாத்திட்டாங்க" என்று வினிகருக்குப் பதிலாக மீன் ஊறுகாயில் ஊற்றிவிட்டு, பாட்டிலில் தான் கிராம்பு போட்டு வீட்டில் செய்த கிறிஸ்துமஸ் ஒயினை நிரப்பிவிட்டாளாம். சம்பந்திக்கு முதல் வாயிலேயே இது வீட்டு ஒயின் என்று தெரிந்துவிட்டதாம். அவர் கடைக்கு வரும் நம் பங்குக் கோயில் டீச்சர்கள் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி ஒயினைத்தானே கொடுக்கிறார்கள்! "வீட்டு ஒயினை இத்தாலி பாட்டில்ல ஊத்தி நமக்காக இவ்ளோ மெனக்கெடுறாங்களே, நல்ல மனுஷங்கடா" என்று ராகேஷிடம் சொன்னாராம். ஊறுகாயைப் பார்சலில் அனுப்புகிறேன். செர்ரி வாசனை வருதான்னு நீயே பார்த்துச் சொல்லு.