வோல்ட்டு சாமியின் இரண்டு பிளக்குகள்

"ஒன் கம்ப்யூட்டரு தொட்டா சுருக்குன்னு இழுக்குதாமே, வோல்ட்டு சாமிகிட்ட காட்டுனியாடி?" என்று குழாயடியில் பூவம்மாள் கேட்டபோது, ஷைனி தலையை மட்டும் ஆட்டினாள். கூச்சக்காரி. பத்து பேர் நிற்குமிடத்தில் அவளுக்கு வாய் திறக்காது. பக்கத்தில் குடத்தோடு நின்ற அம்மா ஞானம்மாவுக்குத்தான் அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

ஷைனி ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். பழைய பாகங்களாகத் தேடி வாங்கித் தானே பூட்டிய கம்ப்யூட்டரில் கல்யாண பேனரும் ஞானஸ்நானக் கார்டும் செய்து கொடுக்கிறாள். வீட்டில் பாதி அடுப்பு அதில்தான் எரிகிறது. வேகம் போதாமல் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினாள். இருக்கிற பவர் சப்ளை அதற்குத் தாங்குமா, பெரிய பெட்டியாக மாற்ற வேண்டுமா என்று சந்தேகம். கார்டு வந்த அட்டையைத் திருப்பினாள். முந்நூறு வாட்ஸ் போதும் என்று போட்டிருந்தது. அவளுடையது நானூற்றைம்பது. சந்தேகம் தீர்ந்தது.

அம்மாவுக்குத் தீரவில்லை. "தொட்டா இழுக்குறது அட்டைக்கு இன்னாடி தெரியும்? சாமி பாத்துச் சொல்லட்டும். உள்ள பேய் கீதுன்னு மட்டும் சொல்லிட்டாருன்னா, நேரா காயலான் கடைதான். அந்தச் சனியன் என் ஊட்ல இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, செவ்வாய்க்கிழமை வோல்ட்டு சாமி. கரண்டுக்கு மதபேதம் கிடையாது.

சிப்காட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. சேலையில் சுற்றி ஒன்று, திருஷ்டிப் பொட்டு வைத்து ஒன்று, எலுமிச்சம்பழம் நசுக்கி ஒன்று. லேப்டாப்போடு வந்த ஒருவரை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதில் பேய் தங்காதாம். பேய்க்கும் தகுதி வரம்பு உண்டு.

வோல்ட்டு சாமி என்கிற குப்புராஜ் கழுத்தில் செம்புக் கம்பி மாலையோடு உட்கார்ந்திருந்தார். கையில் டெஸ்டர். இடப்பக்கம் சோதனைப் பலகை, வலப்பக்கம் சன்னதிப் பலகை. இரண்டிலும் பிளக் பாயின்ட்.

ஷைனிக்கு முன்னால் நின்றவர் இம்மானுவேல். கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். ஆம், எலெக்ட்ரீஷியன்தான்! அவருடைய கம்ப்யூட்டரை இடப்பக்கம் சொருகி, அதன் மேல் தகரத்தில் டெஸ்டரை வைத்தார் சாமி. டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"பவர் சப்ளைல உக்காந்துக்கினு கண்ண முழிச்சிப் பாக்குது, பாரு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பேய் பிடித்த பவர் சப்ளைப் பெட்டியைச் சாமி கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினார். காசை வாங்கிக்கொண்டு, பூஜை செய்த பெட்டியை எடுத்து மாட்டினார். அதுவும் மேசைக்கு அடியிலிருந்துதான் வந்தது. பிறகு வலப்பக்கம் சொருகி டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. கைதட்டல்.

"ஊட்டுக்குப் போய் திரும்ப இழுத்துச்சுன்னா?" என்றார் இம்மானுவேல்.

"அது பக்கத்து ஊட்டுக்காரன் கண்ணு. அடுத்த வாரம் வா."

ஷைனியின் முறை. இடப்பக்கம் சொருகினார். டெஸ்டர் எரிந்தது. "கன்னிப் பேயி!" என்றார் சாமி. "பெரிய பெட்டியா மாத்தணும் தாயி."

"பெட்டி வாங்கத் துட்டு எங்க கீது? ஏசுவே, காயலான் கடைதான்!" என்று ஞானம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். ஞானம்மா அதைக் கொட்டகை அதிர ஒலிபரப்பினாள்.

"சாமி! பெட்டிய மாத்தாம, அப்டியே சன்னதிப் பலகைல சொருகிப் பாக்கலாமான்னு எம் பொண்ணு கேக்குறா!"

சாமி நெளிந்தார். "சன்னதி தீட்டாயிடும்."

போன மாதமே பெட்டி மாற்றிக்கொண்டு, இன்று வேடிக்கை பார்க்க வந்திருந்த பரம பக்தை பூவம்மாள் விடவில்லை. "எந்தப் பேயாச்சும் சாமி சன்னதில ஏறுமா? எரிஞ்சு சாம்பலாயிடும்! போடுங்க சாமி, நாங்களும் பாக்குறோம்!"

கூட்டம் "போடுங்க, போடுங்க" என்றது. பக்தியை விடப் பெரிய தொல்லை பக்தர்கள்தான். சாமி யோசிப்பதற்குள் ஞானம்மாவே பிளக்கைப் பிடுங்கி வலப்பக்கம் சொருகி, டெஸ்டரையும் வாங்கித் தகரத்தில் வைத்தாள்.

எரியவில்லை. பெட்டி அதே பழைய பெட்டி.

இன்னொரு கிசுகிசு. இன்னொரு ஒலிபரப்பு. "இம்மானுவேல் அண்ணன் பெட்டிய அந்தாண்ட சொருகிப் பாக்கணுமாம்!"

பூஜை செய்த பெட்டி இடப்பக்கம் போனது. டெஸ்டர் செக்கச்செவேல் என்று எரிந்தது.

"அப்போ பேயி பெட்டில இல்ல," என்றாள் ஞானம்மா மெதுவாக. "பிளக்குல கீது."

இம்மானுவேல் குனிந்து பலகைகளின் பின்பக்கம் பார்த்தார். முகம் சுண்டிப் போனது. "சன்னதில எர்த் ஒயரு குடுத்துக்கீறாரு. சோதனைல இல்ல. நம்ம லைன் வீடுங்கள்லயும் இல்ல. எர்த் இல்லாட்டி தகரத்துல கரண்ட் லேசா கசியும், அதான் சுருக்குன்னு இழுக்குது. ஐயோ, இதையா நான் தெனம் கம்பெனில செக் பண்ணிக்கினு கீறேன்!"

தினமும்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, ஹெல்மெட்டோடு மூளையையும் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடுகிறார்.

சாமி கடைசியாக ஒரு தெய்வ வாக்குச் சொன்னார். "அந்த ஒயரு வழியாத்தான் பேயி எறங்கிப் போச்சு!"

"அப்ப ஒயரு வேல செய்யுது. நீ இன்னாத்துக்கு நைனா குந்திக்கினு கீற?" என்றாள் ஞானம்மா.

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. பூவம்மாள்தான் முதலில் மேசைக்கு அடியில் கைவிட்டுத் தன் பழைய பெட்டியைத் தேடத் தொடங்கினாள். எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியை இழுத்தார்கள். இத்தனை கனத்தை இத்தனை தூரம் சுமந்து வந்தவர்கள், கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்தியிருந்தால் ஆட்டோ செலவாவது மிஞ்சியிருக்கும். பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வரமா வேண்டும்? கை போதும், நண்பர்களே, கேள்வி போதும்.

ஷைனி அம்மாவைப் பார்த்தாள். இன்னும் எதையாவது உரக்கச் சொல்வாள் என்று காத்திருந்தாள். ஞானம்மாவோ கம்ப்யூட்டரைச் சேலையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். காயலான் கடைப் பக்கம் திரும்பாமல், வீட்டுப் பக்கம் நடந்தாள்.