ஆல்பம் பென்டிரைவும் புது உபுண்டுவும்

வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ஒரு பென்டிரைவைக் கொண்டுபோயி சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கற போட்டோ ஸ்டுடியோவுல குடுத்துட்டு வரணும்.

பென்டிரைவுல இருந்தது என் மச்சினன் கல்யாணப் போட்டோ. ஸ்டுடியோக்காரர் குடுத்த ரெண்டாயிரத்துச் சொச்சத்துல ஆல்பத்துக்குன்னு இருநூறு பொறுக்கி, தனி ஃபோல்டர்ல போட்டிருந்தாங்க. பொறுக்குனது என் மனைவி கவிதா, என் மாமியார், கொழுந்தியா மூணு பேரும். முழுசா ஒரு வாரம் ஆச்சு. நடுவுல ரெண்டு நாள் ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இல்ல.

அந்த ஒரு வாரமும் நானும் அதே ரூம்லதான் உக்காந்திருந்தேன். ஆனா என் நெனப்பு வேற. வியாழக்கிழமை புது உபுண்டு வருது.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். உபுண்டுங்கறது லினக்ஸ்ல ஒரு வகை. மத்தவங்க கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருக்கற எடத்துல என் லேப்டாப்புல அது இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா புது வெர்ஷன் வரும். திருச்செங்கோட்டுல ஒரு போர்வெல் ரிக் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கற எனக்கு, தீபாவளியவிட அதான் பெருசு.

காலண்டர்ல நாளை அடிச்சுட்டே வந்தேன். வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். எங்க ரிக் டிரைவர் ஒருத்தர்கிட்டக்கூட, இந்தத் தடவை ரொம்ப வேகமாப் போகுமாம்னு சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, எத்தனை அடி போகுங்கன்னு கேட்டாரு.

அன்னைக்கு லீவு போட்டேன். ஆபீஸ்ல காய்ச்சல்னு சொன்னேன். ஒரு வகையில உண்மைதான்.

காலையில இருந்து உபுண்டு வெப்சைட்டைத் திறக்கறதும் மூடறதுமா இருந்தேன். கவிதா வேலைக்குப் போறப்ப, பென்டிரைவு மேசை மேல இருக்குது, மறந்துராதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் திரும்பிக்கூடப் பாக்காம தலையாட்டினேன்.

மத்தியானம் புது உபுண்டு வந்தே வந்துருச்சு.

டவுன்லோடு பண்ணிட்டேன். லேப்டாப்புல போடறதுக்கு, அதை முதல்ல ஒரு பென்டிரைவுல ஏத்தணும். மேசை மேல ரெண்டு கறுப்புப் பென்டிரைவு. ரெண்டும் ஒரே கடையில, ஒரே நாள்ல, நானே வாங்குனது. ஒண்ணை எடுத்துச் சொருகினேன்.

இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சுரும், பரவாயில்லையான்னு கம்ப்யூட்டர் கேட்டுது. பரவாயில்லைன்னேன். நெசமாவான்னு மறுபடி கேட்டுது. ஆறு மாசமாக் காத்திருக்கற மனுசனை இத்தனை கேள்வியா கேக்கறதுன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு.

லேப்டாப்புல போட்டுப் பாத்தேன். அருமையா ஓடுச்சு. அந்தச் சந்தோஷத்துலயே சட்டையை மாட்டிட்டு, மேசை மேல மிச்சம் கெடந்த பென்டிரைவை எடுத்துட்டு சேலம் பஸ் ஏறிட்டேன்.

ஸ்டுடியோக்காரர் சொருகிப் பாத்துட்டு, "இதுல போட்டோவே இல்லீங்களே"ன்னாரு.

எட்டிப் பாத்தேன். போன வருசம் நான் ஏத்தி வெச்ச பழைய லினக்ஸ். மாத்தி எடுத்தாந்துட்டேனுங்க, இன்னொண்ணு ஊட்ல இருக்குதுன்னு சிரிச்சேன். சிரிச்சுட்டு இருக்கறப்பவே, அந்த இன்னொண்ணு ஊட்ல எங்க சொருகியிருக்குதுன்னு ஞாபகம் வந்துருச்சு.

அவரு நல்ல மனுசன். என் மொகத்தைப் பாத்துட்டுச் சேர் போட்டாரு. போட்டோவெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க, எந்த இருநூறுன்னு மட்டும் நீங்களே பொறுக்கிக் குடுத்துருங்கன்னாரு.

அரை மணி நேரம் பாத்தேன். அதுல பாதிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியல. ஆறு போட்டோ பொறுக்கினேன். அதுல நாலுல நான் இருந்தேன்.

வேற வழியில்லாம கவிதாவுக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அவ முழுசாக் கேட்டா. அப்பறம், "அங்கயே இருங்க. வாரோம்"னா.

வாரேன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒன்றரை மணி நேரத்துல கார்ல மூணு பேரும் வந்து எறங்குனாங்க. மாமியார் என்னைப் பாக்கவே இல்ல. நேரா ஸ்கிரீன் முன்னாடி போயி உக்காந்துட்டாங்க. நான் செவுத்தோரமா நின்னுட்டேன்.

முதல் இருபது போட்டோ சத்தமில்லாமப் போச்சு. அப்பறம் மேச்சேரி மாமா போட்டோ வந்துச்சு. அவரு கவிதாவோட பெரியப்பா. போட்டோ பொறுக்கறாங்கன்னு கேள்விப்பட்டதும் முந்தின வாரமே எங்க ஊட்டுக்கு வந்து பக்கத்துல உக்காந்துட்டாரு. அவங்க குடும்பத்துப் போட்டோ பதினொண்ணைச் சேக்க வெச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு. அதுல ஒண்ணு, மறுநாள் கறி விருந்துக்கு அவரு கொண்டாந்த கெடாவோட மண்டப வாசல்ல நிக்கறது.

மாமியார் அந்தக் கெடாவையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்பறம் அன்னைக்கு முதல் தடவையா என்கிட்டப் பேசுனாங்க.

"ஏனுங்க மாப்ள, இதெல்லாம் அழிஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங்க அத்தை, எல்லாம் இங்கயே இருக்குதுங்க. ஒண்ணும்—"

கவிதா என் காலை மிதிச்சா.

"அழிஞ்சுபோச்சுங்க"ன்னேன்.

அதுக்கப்பறம் பாக்கணுமே. பதினொண்ணும் போச்சு. மேடையில பாதி நேரம் மாப்பிள்ளைய மறைச்சு நின்ன ஒரு சித்தப்பா போனாரு. கொழுந்தியா தன்னோட நாத்தனாரையே அழிச்சா. பேரு சொல்லச் சொல்ல, மூணு பேரும் சிரிச்சுட்டே தள்ளிவிட்டாங்க. ஒரு வாரம் இழுத்த வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. திரும்பறப்ப மாமியாரே எனக்குக் காபி வாங்கிக் குடுத்து, பரவாயில்லீங்க மாப்ள, மனுசனுக்குத் தப்பு வர்றதுதான்னாங்க.

ஆல்பம் வந்து, சொந்தக்காரங்க ஊடு ஊடாப் போச்சு. எங்க போட்டோ எங்கன்னு கேட்டவங்ககிட்டயெல்லாம், மாப்ளையோட லினக்சு அழிச்சுருச்சுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. போன ஞாயித்துக்கெழமை மேச்சேரி மாமா எனக்கு போன் பண்ணாரு. கோவமெல்லாம் இல்ல, ஒரு சந்தேகம்தான்னாரு.

"அது ஏனுங்க மாப்ள, அத்தனை கூட்டத்துல எங்க ஊட்டு ஆளுங்களை மட்டும் தேடித்தேடி அழிச்சிருக்குது உங்க லினக்சு?"

"அது ஓசியில குடுக்கறதுங்க மாமா. நாம ஒண்ணும் கேக்க முடியாதுங்க"ன்னேன்.