கடைசி வரி இல்லாத வெற்றிப் பாட்டு

டெக்சாஸின் டொர்னாடோ சூறாவளி சைரனைத் தனி ஆளாகத் தோற்கடித்த ஒரே மனிதர் பிளானோ ஊரில் எங்கள் எதிர்வீட்டுப் பீரங்கி அங்கிள்தான். மாசாமாசம் ஊரில் சைரனை டெஸ்ட் பண்ணும்போதுகூட, "அங்கிள் டிரம்பெட்டை எடுத்துட்டார்டா" என்று ஜன்னலைச் சாத்திவிட்டு ஆபீஸ் மீட்டிங்கைத் தொடர்வேன்.

திண்டுக்கல்லில் பள்ளிக்கூட பேண்டில் வாசித்தவர். இங்கே மகன் வீட்டோடு வந்துவிட்டார். கார் ஓட்டத் தெரியாது, பேச்சுத்துணை கிடையாது. ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆகஸ்ட் பதினைந்து விழாவில் அவர்தான் ராஜா! சிவப்புக் கோட்டு, தங்கப் பொத்தான், வருஷா வருஷம் அதே ஒரு பாட்டு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது வாசித்தது. "சுதந்திரப் பாட்டு தம்பி, ரத்தம் கொதிக்கும்" என்பார். எங்களுக்கும் கொதித்தது.

போன வருஷ ஒத்திகையில் சங்கச் செயலாளர் சேகர் சும்மா இருக்காமல், அந்த டியூனைப் போனில் தேடித் தொலைத்தான்.

"ஐயோ அங்கிள், இது வெள்ளைக்காரப் பட்டாளத்தோட வெற்றிப் பாட்டு! நம்ம பாளையக்காரங்களை அடிச்சுப் பிடிச்சதுக்குக் கொண்டாட்டம்!"

"என்னப்பா சொல்றே? மாஸ்டர் டியூன்தானே சொல்லிக் குடுத்தார், வரியே சொல்லலையே!"

"சுதந்திர தினத்துல இதையா வாசிக்கறது? இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க."

"வேற பாட்டு வாசிங்களேன் அங்கிள்" என்றேன்.

"விரல் அதுக்குத்தானே தம்பி போகுது" என்றார். டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அதோடு டிரம்பெட் ஓய்ந்தது. தொல்லை விட்டது என்று நான் குதித்திருக்க வேண்டும். எனக்கோ சாயங்காலமானால் காது ஜன்னல் பக்கமே போனது. பக்கத்து வீட்டு அமெரிக்கர்கூட வந்து, அந்த சாருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நான் சேகரோடு மல்லுக்கட்டி, அங்கிளுக்கு ஐந்து நிமிஷம் வாங்கினேன்.

"ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றான்.

விழா அன்று அங்கிள் சிவப்புக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேட்டி சட்டையில் வந்தார். மைக்கைப் பிடித்து, "இது நம்மளை ஜெயிச்சவன் போட்ட பாட்டு" என்று போட்டு உடைத்தார். சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். அங்கிள் வாசித்தார். பாவி மனுஷன், வழக்கத்தைவிட நன்றாகவே வாசித்தார். டியூன் உச்சிக்கு ஏறியது. கடைசி வரிக்கு மூச்சை இழுத்தவர், டபக்கென்று டிரம்பெட்டை இறக்கிவிட்டார்.

"என்ன அங்கிள், நிறுத்திட்டீங்க?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"இந்தப் பாட்டை மகனை வரி வரியா படிக்கச் சொல்லிக் கேட்டேன் தம்பி. கடைசி வரியிலதான் வெள்ளைக்காரன் ஜெயிக்கறான். என் மூச்சுல அவனை ஜெயிக்க விடுவேனா?"

ஹால் அதிர்ந்தது. முதல் விசில் சேகருடையது.

இந்த வருஷமும் அங்கிளுக்குத்தான் முதல் நிகழ்ச்சி. தினமும் சாயங்காலம் பயிற்சி நடக்கிறது, தினமும் கடைசி வரிக்கு முன்னால் நிற்கிறது. இப்போதெல்லாம் நான் ஜன்னலைச் சாத்துவதில்லை.