கிலுகிலுத்த சுக்கான்

ட்ரில் மெசினைக் கையில் பிடித்திருக்கும் கணவனுக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. முதலில் வயரைப் பிடுங்க வேண்டும். புத்தியைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம். இது என் சொந்த அனுபவம். அன்றைக்கு வயரைப் பிடுங்க வீட்டில் ஆள் இருக்கவில்லை.

என் மனைவி வதனி விமானம் கட்டுகிறாள். (ஓம், விமானம்தான். நீங்களும் ஒருக்கால் திரும்பிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.) கொழும்பில் விமானம் திருத்துகிற இடத்தில் அவளுக்கு வேலை. மாதத்தில் பாதி அங்கே. மிச்சப் பாதி நீர்வேலி வீட்டில், அவளுடைய அம்மா, அதாவது என் மாமி, வாழைக்குலை அடுக்கி வைத்த தகரக் கொட்டிலுக்குள். அங்கேதான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய குட்டி விமானம் ஒன்றைத் துண்டு துண்டாகச் செய்கிறாள். முதல் துண்டு சுக்கான். வாலில் நின்று விமானத்தை இடம் வலம் திருப்புகிற தகடு. நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சளவு வரும்.

அந்தச் சனிக்கிழமை அவள் 'சேர்' என்று கூப்பிடுகிற பழைய மேலதிகாரி வருவதாக இருந்தது. ஓய்வு பெற்று, சொந்த ஊரான குருநகரில் கொஞ்ச நாள் நிற்க வருகிறவர். வேலை சரி என்று அவர் ஒரு கடிதம் தந்தால், வதனியின் விமான அனுமதி விண்ணப்பத்துக்குப் பெரிய பலம். ஒரு வருடமாக அதற்காகக் காத்திருந்தாள். சுக்கானின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரிசை ஓட்டைகள்தான் மிச்சம். அதற்குள் கொழும்பிலிருந்து அவசர அழைப்பு வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, சுக்கானிலை கை வைக்காதேங்கோ. மிச்சத்தை நான் சேருக்கு முன்னாலை போடுறன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

எனக்கு 'மிச்சம்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் இரவு முழுக்கக் குந்தியிருந்து வந்து, முகம் கழுவின கையோடு கொட்டிலுக்குள் போய்விடுவாள். விரல் நுனியெல்லாம் தகடு கீறின காயம். நான் செய்த உதவி, பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும். ஒரு நாளாவது வந்து பார்த்து அவள் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். (வாயைப் பிளந்தாள்தான்.)

தகட்டுக்கு உள்ளே மெல்லிய விலாக்கள் இருக்கும். அவற்றின் விளிம்பு ஒரு விரல் அகலம். வெளியிலிருந்து துளைத்தால் தகட்டையும் விளிம்பையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். பிறகு ரிவெட் ஆணி போட்டு இரண்டையும் இறுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அளந்து, கோடு கீறி, நம்பித் துளைக்க வேண்டியதுதான். நான் அளந்தேன். இரண்டு தரம் அளந்தேன். வரைபடம் முன் ஓரத்திலிருந்து அளக்கச் சொல்லியிருந்தது. நான் பின் ஓரத்திலிருந்து அளந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. முதல் ஓட்டை வெண்ணெய்க்குள் போகிற மாதிரி இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. 'இதுக்கோ இவள் இவ்வளவு கஷ்டப்படுறாள்?' என்று கூட நினைத்தேன். உள்ளே விலாவே இல்லாததால்தான் இவ்வளவு லேசாக இறங்குகிறது என்பது பன்னிரண்டு ஓட்டை போட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஆணி போட்டேன். பிடிமானம் இல்லாமல் 'டிக்' என்று உள்ளே விழுந்தது. ஆணியில் பிழை என்று நினைத்து இன்னொன்று போட்டேன். 'டிக்'. ஐந்தாவது 'டிக்'கில்தான் விளங்கியது.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மனைவிக்குப் போன் எடுத்திருப்பான். நான் பக்கத்தில் புது ஓட்டைகள் போட்டேன். ட்ரில் அலகு வழுக்கிப் பழைய ஓட்டைக்குள் போய், இரண்டு ஓட்டையும் சேர்ந்து எட்டு என்ற இலக்கம் மாதிரி வந்தது. அப்படி நாலைந்து எட்டு. பிறகு சைக்கிளில் சந்திக்குப் போய், கார் நெளிவுக்குப் பூசுகிற பட்டி வாங்கி வந்து, எல்லாவற்றையும் அடைத்து, தேய்த்து, வெள்ளி நிறப் பெயின்ற் அடித்தேன். என் முகத்தைத் தவிர எல்லாம் மினுங்கியது.

தோட்டத்தால் திரும்பிய மாமி எட்டிப் பார்த்தார். "தம்பி, பிள்ளை கை வைக்க வேண்டாமெண்டெல்லோ சொன்னவள்?"

"கை வைக்கேல்லை மாமி. மெசின்தான் வைச்சனான்."

அடுத்த நாள் வதனி சேரோடு வந்து இறங்கினாள். மூக்குக்கண்ணாடியை நூலில் தொங்கவிட்ட, மெலிந்த மனிதர். சுக்கானைக் கண்டதும் வதனியின் முகம் மலர்ந்தது. "நீங்களோ செய்தனீங்கள்?" என்று என் கையைப் பிடித்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் கண்ட மிக நல்ல சிரிப்பு அது. அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை இழக்க மனம் வரவில்லை.

சேர் சுக்கானைத் தூக்கித் திருப்பினார்.

கிலு கிலு கிலு.

மறுபக்கம் திருப்பினார். கிலு கிலு கிலு.

"எலி குட்டி போட்டிட்டுதாக்கும்" என்றார் மாமி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன்.

சேர் கண்ணாடியைப் போட்டு, நகத்தால் பெயின்றைச் சுரண்டினார். பட்டி உதிர்ந்தது. "வதனி, உது ஆற்றை வேலை?"

வதனி ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "என்ரை வேலைதான் சேர். அவசரத்திலை பிழைச்சுப் போச்சு."

தன் தொழிலில் ஒரு நாளும் எதையும் பூசி மறைக்காதவள், எனக்காக மறைத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"இல்லை சேர்! அவள் இஞ்சை நிக்கவேயில்லை. ஓட்டையும் நான், பட்டியும் நான், உள்ளுக்கை கிலுகிலுக்கிறதும் நான்தான்!" (கத்தின கத்தில் கொட்டிலுக்குள் நின்ற கோழிகள் வெளியே ஓடின.)

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் என்ன வேலை பாக்கிறியள்?"

"உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறன்."

சேர் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"மாஸ்டர், பிழையா ஓட்டை போடாத ஆள் இந்தத் தொழிலிலை இல்லை. நானும் போட்டிருக்கிறன், இவளும் போட்டிருக்கிறாள். ஆனா நீங்கள் மூடிப்போட்டீங்கள். இதிலை ஏறிப் பறக்கப்போறது ஆர்?"

ஆர் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றாள். வாழைக்குலைப் பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டேன்.

சேர் சிவப்புப் பேனை ஒன்றை நீட்டினார். பட்டியைச் சுரண்டி, பிழையான ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றி வட்டம் போடச் சொன்னார். போட்டேன். மாமி உரத்து எண்ணினார். இருபத்தொன்று. சுக்கான், கொப்பளிப்பான் வந்து உடம்பெல்லாம் சிவந்த பிள்ளை மாதிரி இருந்தது. வதனி என் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாக அளந்து, தீர்ப்பு எழுதினாள். தகடு முழுவதுக்கும் 'மாத்த வேணும்.' கழற்றிப் பார்த்தபோது, விளிம்பு கடிபட்டிருந்த இரண்டு விலாக்களுக்கு மட்டும் 'திருத்தி வைச்சிருக்கலாம்.' உள்ளே ஒட்டுத் தகடு வைத்தால் பலம் வந்துவிடுமாம்.

கடிதம் அன்றைக்குக் கிடைக்கவில்லை. "திருத்தினாப் பிறகு கூப்பிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சேர் போய்விட்டார்.

"ஏனப்பா கேக்காமல் செய்தனீங்கள்?" என்று கேட்டாள் வதனி.

"நீர் களைச்சுப்போறீர் எண்டு..."

அவள் கண் கலங்கினது. தரையில் கிடந்த ஆணிகளைக் கையில் அள்ளினாள். "அஞ்சு ஆணி! முதலாவது விழேக்கையே உங்களுக்கு விளங்கேல்லையோ?" சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீரும் சிரிப்புமாகச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமலே சிரித்தேன்.

திருத்தி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. ட்ரில் அவள் கையில். ஓட்டை விளிம்பில் நிற்கிற பிசிறை வழித்து எடுப்பது என் வேலை. இப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. சேர் திரும்ப வந்தார். வந்தவுடன் சுக்கானைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை. பிறகுதான் கண்ணாடியைப் போட்டார். ஒரு முழுப் பக்கக் கடிதம் எழுதித் தந்தார். அனுமதி இன்னும் வரவில்லை. ஆனால் வால் முடிந்துவிட்டது. ஒரு பக்கச் செட்டையும் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் பிழையை ஒளிப்பதில்லை, வட்டம் போட்டுவிடுவார்கள். "இண்டைக்குச் சொதி உப்பிலை ஒரு வட்டம்" என்று சொல்லிக்கொண்டே மாமி பரிமாறுவார்.

போன மாதம் கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் எங்கள் கல்யாண அல்பம் கேட்டார்கள். விரித்தேன். முதல் படத்தில் தலைப்பாகையும் பல்லுமாக நான். முகத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். பக்கத்தில் வதனியின் குண்டு எழுத்து: 'திருத்தி வைச்சிருக்கலாம்.'