இறங்கிட்டேன்

சர்வேயருக்கு இருபத்தைந்து நிமிடம் இடித்தது.

அவர் மனைவி ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்ப்பவள். திங்கள்தோறும் காலை விமானத்தில் பக்கத்து நகரத்துக்குப் போவாள். சர்வேயர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டார். இருநூற்று நாற்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். எட்டுக்குக் கிளம்பினால் எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர வேண்டும். "இறங்கிட்டேன்" என்று அவளிடமிருந்து செய்தி வருவதோ ஒன்பது பத்துக்கு. வாராவாரம், பிசகாமல்.

"வழியில எங்கயாவது சுத்திப் போறாங்களா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நேராத்தான் போகுது," என்றாள் அவள், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

விமான நிலையத்துக்குப் போன் போட்டார்.

"எட்டு நாப்பத்தஞ்சுக்கு டாண்ணு இறங்கிடும் சார். ஒருநாள்கூட லேட் ஆனதில்ல," என்றாள் போனை எடுத்தவள், பெருமையாக.

"பிளேன் எட்டே முக்காலுக்கே இறங்கிடுதாமே?" என்றார் மனைவியிடம்.

"பிளேன் இறங்குறது வேற, நான் இறங்குறது வேற. அந்த கேப்டன் தங்கமான மனுஷன். அலுங்காம குலுங்காம கொண்டுபோய் விடுவார்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவள் இவரைத் தங்கம் என்ன, பித்தளை என்றுகூடச் சொன்னதில்லை. முகம் தெரியாத கேப்டன் மேல் பொறாமை பொங்கியது. அவளை இழந்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

அடுத்த திங்களுக்குத் தானும் ஒரு டிக்கெட் எடுத்தார். முந்தின இரவு அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. அவளோ அன்றைக்கென்று அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வந்தது.

"நிலம் அளக்கப் போறேன்," என்று விடியுமுன்பே கிளம்பிவிட்டார். தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி சகிதம் அவளுக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்தார். விமானம் மேலே ஏறியது. கண்ணை ஒரு நிமிடம் மூடினார்.

"சார், எழுந்திருங்க."

துடைப்பத்தோடு ஒரு துப்புரவுப் பெண் நின்றிருந்தாள். விமானம் காலி. மணி ஒன்பது பத்து.

"அஞ்சாவது வரிசையில ஒரு அம்மா இருந்தாங்களே?"

"ஸ்கேன் அக்காவா? பாவம் சார், வீட்டுல தூக்கமே இல்லையாம். எல்லாரும் இறங்கினப்புறம் நாங்க பெருக்கி முடிக்கிற இருபத்தஞ்சு நிமிஷமும் அந்த சீட்டுலயே தூங்குவாங்க. கேப்டனே எழுப்ப வேணாம்னுட்டார்."

சர்வேயருக்குப் பாதி உயிர் வந்தது. "இன்னைக்கு?"

"இன்னைக்கு முதல் ஆளா இறங்கிட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல சார், 'அந்தக் குறட்டை எங்க வீட்டுக்காரரோடது, எழுப்பாம அப்படியே திருப்பி அனுப்பிடுங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க."