சுன்னாகத்துப் பரியாரியின் லேகியம்

சிவமயம்

இணுவில்,
1934 வைகாசி 9.

மலாயா நாட்டுச் சிரம்பானில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மச்சான் தில்லைநாதனுக்கு, உங்கள் தங்கை புருஷன் பரியாரி பஞ்சலிங்கம் எழுதிக்கொள்வது. கந்தசுவாமியார் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் அவரையே வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்குத்தான். உங்கள் தங்கை நாகேஸ்வரி சுகம், நான் சுகமில்லை.

மூன்று தலைமுறையாக நாடி பிடித்து வைத்தியம் பார்க்கிற வீடு எங்களுடையது. அப்படியிருக்க அவள் முழங்கால் நோவுக்குப் புருஷனை விட்டுவிட்டு, வண்டில் கட்டிக்கொண்டு சுன்னாகத்துச் செல்வரட்ணத்திடம் போகிறாள். அவன் நேற்று முளைத்த பரியாரி. நான் வருஷக்கணக்காகக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்து, புளி, கத்தரிக்காய், மீன் எல்லாம் தள்ளிப் பத்தியம் காக்கச் சொன்னேன். அவனோ புளியங்கொட்டை அளவு லேகியத்தைக் கொடுத்து, "பத்தியமே வேண்டாம் அக்கா, விரும்பினதைச் சாப்பிடுங்கோ" என்றானாம். பத்தியம் இல்லாததும் ஒரு மருந்தா? இப்ப இவள் படுத்தால் விடியும்வரை ஒரே நித்திரை. எழும்பினால், "செல்வரட்ணத்தின்ரை கை ராசிக் கை" எண்டு என்ரை முகத்துக்கு நேரே சொல்லுறாள். என்ரை முற்றத்திலை மருந்துக்கு நிண்ட சனமும் இப்ப அவன்ரை முற்றத்திலைதான். வயிறு எரியுது மச்சான், மறைக்க மாட்டன்.

அதில் என்னதான் சேர்க்கிறான் என்று பார்க்க, அவளின் சிமிழில் இருந்து ஓர் உருண்டையை விழுங்கினேன். ஒரு மணித்தியாலமாக ஒன்றுமில்லை. வெறும் பனங்கட்டிதான் என்று இன்னொன்றும் போட்டேன். அதுதான் பிழைச்சுப்போச்சு. நாக்கு காய்ஞ்சு அண்ணத்திலை ஒட்டினது, கண் சிவந்தது, நெஞ்சு படபடவெண்டு அடிச்சது. என்ரை நாடியை நானே பிடிச்சு எண்ணினால் பாதியிலை எத்தனை எண்டு மறந்துபோகுது, திரும்ப எண்ணுறன், சிரிப்பு வருகுது. பிறகு ஐயோ, அந்தப் பசி! அடுப்பிலை இருந்த ஒடியற்கூழை நண்டோடும் மீனோடும் சட்டி துடைச்சுக் குடிச்சன். "பத்தியம் எங்கை போச்சு?" எண்டு நாகேஸ்வரி கேட்டாள். கஞ்சா, மச்சான், கஞ்சா! நோவு மாறேல்லை, நோகிறது தெரியாமல் கிடக்குது, அவ்வளவுதான். நாட்பட்டால் விடவும் ஏலாது. விட்டால் நித்திரையும் பசியும் போயிடும். இதைச் சொன்னால், "உங்களுக்குப் பொறாமை" என்கிறாள். ஓம், பொறாமைதான்! அதுக்காக நான் சொல்லுறது பொய்யா?

ஆகையால், அவன் வாசற்படலையை மிதித்தால் உனக்கு அண்ணன் இல்லை என்று அவளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். என் சொல்லைத்தான் கேளாள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள்.

மச்சாளுக்கு அன்பு. பிள்ளைகள் நெற்றி நிறைய நீறும் வயிறு நிறையச் சோறுமாக நீடு வாழ என் ஆசி.

இங்ஙனம்,
பஞ்சலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் செல்வரட்ணமே வந்து நிற்கிறான். லேகியம் கிண்டும்போதெல்லாம் பதம் பார்த்துப் பார்த்து, இப்போது உருண்டை இல்லாவிட்டால் நித்திரையில்லை, பசியில்லை, கை நடுக்கம். "அண்ணை, உங்களை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம், காப்பாத்துங்கோ" என்று அழுதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேலே அவனைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் அழித்து வாசிக்கவும், தங்கமான பிள்ளை. நாற்பது நாள் பத்தியம் சொல்லியிருக்கிறேன். தனி ஆள், சமைத்துப்போட ஒருவரும் இல்லை என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கவும் சொல்லிவிட்டேன். நாகேஸ்வரிதான் மல்லி, மிளகு என்று சரக்கு அரைத்து அவனுக்குப் பத்தியக் கறி வைக்கிறாள். பாடிக்கொண்டு அரைக்கிறாள், மச்சான். இருபது வருஷத்திலை எனக்கு ஒருநாளும் பாடினதில்லை. கடிதம் போடவேண்டாம், நீங்களே உடனை கப்பல் ஏறுங்கோ.